சிறுவர்களுக்குச் சிரிப்பும் திகிலும் கலந்த மாயத் தேடல் கதை எழுதுவது எப்படி?

முதலில் நகைச்சுவையைத் தேடிப் போகாதீர்கள். தும்மினால் நெருப்புக்குப் பதிலாகச் சோப்பு நுரை விடும் டிராகன், மறதிக்கார மந்திரவாதி, கால் இடறி விழும் பூதம் என்று சிரிப்புகளைச் சேர்த்துக்கொண்டு, பிறகு அவற்றைக் கோக்க ஒரு பயணக் கதையைத் தேடுபவர்கள்தான் அதிகம். வாசிக்கிற பிள்ளை மூன்று பக்கம் சிரிக்கும், நான்காவது பக்கத்தில் புத்தகத்தை மூடிவிடும், ஏனென்றால் அடுத்து என்ன ஆகும் என்று கேட்க அங்கே எதுவும் இல்லை.

முதலில் வேண்டியது மாயத்தின் விதி. இந்த மாயம் என்ன செய்யும், எதைச் செய்யாது, செய்தால் யாருக்கு என்ன வம்பு வரும்? விதி சரியாக அமைந்துவிட்டால் சிரிப்பு, சாகசம், கண்ணீர் மூன்றுமே அதிலிருந்துதான் வரும். விக்கிரமாதித்தனும் வேதாளமும் இத்தனை தலைமுறைகளாக நிற்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும், விடை தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை சுக்குநூறாகும். இந்த ஒரே விதியை வைத்துக்கொண்டு ஒரு பெரிய கதைத்தொகுப்பே ஓடுகிறது, கடைசியில் ராஜாவுக்கு விடை தெரியாமல் போகும்போதுதான் ஆட்டம் மாறுகிறது. அறிவாளியாக இருப்பதே அவருக்கு ஆபத்து என்பதில் ஒரு குறும்பு இருக்கிறது, கவனித்தீர்களா?

சரி, நாமே ஒன்றை உருவாக்கிப் பார்ப்போம். ஒரு மந்திரக்கோல். அதைப் பிடித்திருப்பவர் சொல்வதை அப்படியே எழுத்து பிசகாமல் செய்யும். கிண்டலுக்குச் சொன்னதா, கோபத்தில் சொன்னதா, பேச்சுக்குச் சொன்னதா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. ஒருமுறை செய்ததைக் கட்டளை போட்டுத் திருப்ப முடியாது. அவ்வளவுதான் விதி. ஒரே மூச்சில் சொல்ல முடிகிற விதியாக இருக்கட்டும், பத்து வயதுப் பிள்ளை அதை நண்பனுக்கு விளக்க முடியவில்லை என்றால் விதி சிக்கலாகிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது அந்தக் கோலைத் தவறான ஆளிடம் கொடுங்கள். எதையும் நேராகச் சொல்லாத, வாயைத் திறந்தாலே வழக்குமொழியாகக் கொட்டுகிற ஒரு பெண், பெயர் தேனு, வயது 12. இந்த வகைக் கதைகளின் வாசகர்கள் 8 முதல் 12 வயது வரை உள்ளவர்கள், பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள், அதனால் நாயகி 11, 12 வயதில் இருப்பது நல்லது. பழைய பெட்டியைக் குடைந்து கோலை எடுத்த நேரம் பார்த்து வாசலில் பாட்டியின் குரல் கேட்கிறது. இப்படி எழுதலாம்:

"ஐயையோ, பாட்டி வந்துட்டாங்க, அவங்க குரலைக் கேட்டாலே என் காலு தானா ஓடுது!"

கோல் ஒருமுறை மினுங்கியது. அடுத்த நொடி தேனுவின் கால்கள் ஓடத் தொடங்கின. தேனு எங்கேயும் போவதாக இல்லை, கால்கள்தான் போயின, மற்றதெல்லாம் வேறு வழியில்லாமல் கூடவே போயிற்று.

"எங்கடி ஓடுற?" என்றார் பாட்டி.

"எனக்குத் தெரியல பாட்டி, காலைக் கேளுங்க!"

இங்கே கதைசொல்லி சிரிக்கவில்லை, 'என்ன வேடிக்கை பாருங்கள்' என்று வாசகரின் விலாவில் குத்தவும் இல்லை. தேனுவுக்கு இது தலைபோகிற விஷயம். பாத்திரம் எவ்வளவு சீரியஸாக இருக்கிறதோ அவ்வளவு சிரிப்பு வரும். ஒரு நகைச்சுவை வரிக்குப் பிறகு ஆச்சரியக்குறிகளை அடுக்கத் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள், அந்த வரிக்கு உதவி தேவைப்படுகிறது என்றால் வரியைத்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம் தேடல். விளாதிமிர் பிராப் என்ற ரஷ்ய அறிஞர் மாயக்கதைகளைப் பிரித்துப் பார்த்து, அவற்றில் வரும் நிகழ்வுகளை 31 வகைகளாக 1928-இல் வரிசைப்படுத்தினார். ஆரம்பத்திலேயே வருகிற மூன்று நமக்குப் போதும்: வீட்டுப் பெரியவர் வெளியே போவார், 'இதைச் செய்யாதே' என்று ஒரு தடை இருக்கும், அந்தத் தடை மீறப்படும். தேனுவின் கால்கள் ஒருவழியாக ஓய்ந்த பிறகு பாட்டி கோலைப் பெட்டியில் வைத்து, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போகிறார். தேனு தொடுகிறாள், தொடாவிட்டால் கதையே இல்லை. தம்பி பின்னாலேயே வந்து எனக்கும் கொடு, எனக்கும் கொடு என்று நச்சரிக்கிறான். அவள் எரிச்சலில் கத்துகிறாள்: "எங்கயாவது தொலைஞ்சு போடா!"

தொலைந்துவிடுகிறான்.

பிள்ளைகளைச் சிரிக்கவைத்த அதே விதி இந்த இடத்தில் அவர்கள் வயிற்றைக் கலக்குகிறது. நகைச்சுவைக்கு ஒரு மாயம், சோகத்துக்கு வேறொரு மாயம் என்று வைத்தால் கதை இரண்டாகப் பிளந்துகொள்ளும். இன்னொன்று, தேடலுக்குக் காரணம் உலகத்தைக் காப்பதாக இருக்க வேண்டியதே இல்லை. உலகம் அழியப்போகிறது என்றால் பிள்ளைகளுக்கு அவ்வளவாக உறைக்காது, தம்பியைக் காணோம், அதற்கு நான்தான் காரணம், பாட்டி வருவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் உடனே உறைக்கும். பெரியவர்களை ஏன் அப்புறப்படுத்த வேண்டும் என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

தொலைந்ததெல்லாம் போய்ச் சேரும் ஊர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைச் செருப்புகள், பேனா மூடிகள், யாரோ மறந்துபோன பெயர்கள், தொலைத்தவர் தேடவே தேடாத குடைகள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும், அதை ஒரு பூதம் ஆளும். இப்படி ஓர் உலகத்தை வருணிக்கும்போது நான்கைந்து பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியைப் பிள்ளைகளே நிரப்பிக்கொள்வார்கள், தாங்கள் தொலைத்ததையும் சேர்த்து.

கூட வருகிற துணைக்கு வெறும் கோமாளி வேலை கொடுத்தால் பத்துப் பக்கத்தில் சலித்துவிடும். அதற்கென்று ஒரு பிடிவாதம் இருக்கட்டும், அந்தப் பிடிவாதம் பயணத்துக்குக் குறுக்கே வரட்டும். வழி தெரியாது என்று ஒப்புக்கொள்ளவே முடியாத ஒரு காகத்தை வைத்துக்கொள்வோமே. கேட்டால் உடனே வலது பக்கம் என்று சொல்லும், அதையும் அப்படி ஒரு தோரணையோடு சொல்லும். ஓர் இடத்தில் கோலைக் காலில் பிடித்துக்கொண்டு "பசி காதை அடைக்குது" என்று புலம்ப, காது அடைத்துப்போகிறது. ஓர் அத்தியாயம் முழுக்க அது எதையும் கேட்காமல் பதில் சொல்லிக்கொண்டே வருகிறது. பார்க்க இது வெறும் சிரிப்புதான், ஆனால் கோல் தேனுவுக்கு மட்டும் கட்டுப்பட்டதில்லை, யார் பிடித்தாலும் வேலை செய்யும் என்ற தகவலைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்துவிட்டோம். பின்னால் தேவைப்படும் செய்தியைச் சிரிப்புக்குள் ஒளித்து வையுங்கள், சிரித்த விஷயம் பிள்ளைகளுக்கு மறக்காது, அதற்கு வேறு வேலை இருக்கிறது என்று சந்தேகமும் வராது.

நடுப்பகுதிதான் பலருக்குத் தொய்வு விழும் இடம். ஒரு தடை, தாண்டினாள், இன்னொரு தடை, அதையும் தாண்டினாள் என்று போகக்கூடாது. ஒவ்வொரு தடையும் முந்தைய தீர்விலிருந்து கிளம்ப வேண்டும். விதியைப் புரிந்துகொண்ட தேனு இப்போது அதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தப் பார்க்கிறாள்: "காவல்காரங்க கண்ணுல மண்ணைத் தூவிட்டுப் போயிடலாம்." மண் விழுகிறது. ஆனால் எவ்வளவு என்று அவள் சொல்லவில்லையே. வாசல் மூடி, ஜன்னல் மூடி, காகத்தின் கழுத்து வரை மண். காவல்காரர்களிடமிருந்து தப்பியாயிற்று, இப்போது மண்ணிலிருந்து தப்ப வேண்டும். ஒரே வேடிக்கை திரும்ப வரும்போது ஒவ்வொரு தடவையும் பெரிதாக வேண்டும், இல்லாவிட்டால் திசை மாற வேண்டும். முதல் தடவை தெரியாமல், அடுத்த தடவை வேண்டுமென்றே, கடைசியில் எதிரிக்கு.

மாயம் நாயகியை வம்பில் மாட்டிவிடலாம், அதற்கு முன்னறிவிப்பு தேவையில்லை. காப்பாற்றுவதாக இருந்தால் மட்டும் அந்த வழி முன்பே வாசகர் கண்ணில் பட்டிருக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் புதுச் சக்தி முளைத்தால் பிள்ளைகளே 'இது போங்கு' என்பார்கள்.

பூதம் உண்மையிலேயே பயமுறுத்த வேண்டும். அதையும் கோமாளியாக்கிவிட்டால் தேனுவின் துணிச்சலுக்கு மதிப்பில்லை. அது கத்துவதைவிட அமைதியாகப் பேசுவது அதிகம் நடுக்கும்: "யாரும் தேடி வராததைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். உன் தம்பியை நீதானே தொலைந்து போகச் சொன்னாய்?" அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லாமல் இருக்கட்டும், சட்டென்று ஒரு நகைச்சுவை வரியை வைத்து அந்தக் கனத்தைக் கலைத்துவிடாதீர்கள். பிறகு அவள் கோலைப் பூதத்திடமே கொடுத்துவிடுகிறாள். காகம் தலையில் அடித்துக்கொள்கிறது. இத்தனை காலம் ஆசைப்பட்ட கோல் கைக்கு வந்ததும் பூதம் ஆனந்தத்தில் கூவுகிறது: "சந்தோஷத்துல எனக்குத் தலைகால் புரியலையே!"

மேலே இருந்த தலை கீழே போக, கீழே இருந்த பாதங்கள் மேலே வருகின்றன. கோல் தரையில் விழுகிறது.

தம்பியைத் திருப்பக் கட்டளை போட முடியாது, விதி அப்படி. ஆனால் அந்த ஊரை விட்டு வெளியேற ஒரே வழி, யாராவது தேடி வந்திருக்க வேண்டும் என்று பூதமே சொல்லிவிட்டது. ஆகவே தேனு கோலைத் தொடாமல், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுற்றி வளைக்காமல் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: "உன்னைத் தேடித்தான்டா வந்தேன்." வெளியே பூதத்தை வெல்வதும் உள்ளே தன் குணத்தைத் தாண்டுவதும் ஒரே காட்சிக்குள் வந்துவிட்டன. இதற்கு மேல் நீதி எழுத வேண்டாம். 'இதனால் தேனு கற்றுக்கொண்டது என்னவென்றால்' என்று ஆரம்பிக்கும் எந்த வாக்கியத்தையும் இரக்கமில்லாமல் வெட்டுங்கள்.

மொழி விஷயத்தில் கதைசொல்லி எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் பேச்சுத் தமிழிலும் இருப்பது இயல்பாக வரும். தடித்த உடம்பு, நிறம், திக்குவாய் இவற்றை வைத்துச் சிரிக்கவைக்காதீர்கள், படிப்பவர்களில் அந்தப் பிள்ளையும் இருக்கும். குசு, மூக்குச்சளி வகையறாவுக்கு உத்தரவாதமான சிரிப்பு உண்டு, அதனாலேயே அளவு தேவை.

நீளத்துக்குக் கணக்கு கேட்டால், ஆங்கிலத்தில் இந்த வயதுக்கான நாவல்கள் பொதுவாக 30,000 முதல் 50,000 சொற்கள் வரை போகும், மாயக்கதைகள் அதைத் தாண்டுவதும் உண்டு. தமிழில் சொற்கள் ஒட்டிக்கொள்வதால் அதே கதை குறைந்த எண்ணிக்கையில் முடியும். ஓர் அத்தியாயம் ஒரே மூச்சில் படித்து முடிகிற அளவில் இருந்தால் போதும்.

முடித்ததும் பெரியவர்களிடம் காட்டுவதற்கு முன் நான்கு பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். எந்த வரியில் நெளிகிறார்கள், எங்கே ஜன்னல் பக்கம் பார்வை போகிறது என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து பாருங்கள். யாராவது "அப்புறம்?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தில் கை வைக்காதீர்கள், கேட்கவில்லை என்றால் அதற்கு முந்தைய இரண்டு பக்கங்களைத் திருத்துங்கள்.