எல்லை தாண்டும் முன் விக்னெட் எடுங்கள்

மியூனிக்கில் வாடகைக்குக் கார் எடுத்து ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியாக இத்தாலி போகிறீர்களா? ஜெர்மனியில் காருக்குச் சுங்கம் கிடையாது; அதே நினைப்பில் எல்லை தாண்டிவிடாதீர்கள். ஆஸ்திரிய நெடுஞ்சாலையில் ஏறும் முன்பே ‘விக்னெட்’, அதாவது குறிப்பிட்ட நாட்களுக்கான சாலைக் கட்டணச் சீட்டு, எடுத்திருக்க வேண்டும். 1 நாள், 10 நாள் என்று கிடைக்கும். டிஜிட்டல் விக்னெட் வண்டி எண்ணோடு இணைவது. காரை வாங்கியதும் போனிலேயே எடுங்கள், எண்ணை இருமுறை சரிபாருங்கள். ஸ்லோவேனியாவுக்குத் தனி விக்னெட், குறைந்தது 7 நாளுக்கு. சுவிட்சர்லாந்துப் பக்கம் திரும்பினால் ஒரே நாளுக்கும் ஆண்டு விக்னெட்தான், 40 பிராங்க்.

இத்தாலியில் பெரும்பாலும் ஓடிய தூரத்துக்குக் கட்டணம். அங்கே அதைவிடக் கவனிக்க வேண்டியது ‘இசட்.டி.எல்.’ (ZTL) பலகை; அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே நுழையலாம் என்று அது சொல்கிறது. ஃப்ளோரன்ஸ் போன்ற பழைய நகரங்களில் அதைத் தாண்டினால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். அபராதம் மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும். காரை வெளியே நிறுத்திவிட்டு நடந்துவிடுங்கள்.