குக்கீயை மொத்தமாக அழிக்காதீர்கள்

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஒருமுறை நெட்டில் ரயில் பார்த்தால் போதும், அப்புறம் எந்தத் தளத்தைத் திறந்தாலும் கொல்லம் ஓட்டல் விளம்பரம் வந்து நிற்கும். காரணம் குக்கீ, அதாவது தளங்கள் நம் பிரவுசரில் போட்டுவைக்கும் சின்னக் குறிப்பு. 1994இல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் கம்பெனியில் லூ மொண்டுலி என்ற இன்ஜினியர் கொண்டுவந்தது. எல்லாம் கெட்டதில்லை, லாகின் நிலைப்பதே அதனால்தான். பின்தொடர்வது பெரும்பாலும் விளம்பரக் கம்பெனிகள் போடும் மூன்றாம் தரப்புக் குக்கீ. குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ் போய் அதை மட்டும் தடுங்கள். மொத்தமாக அழித்தால் ஒவ்வொரு தளத்திலும் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும்.

புளியரை செக்போஸ்ட் பக்கம் பிரவுசிங் சென்டரில் அப்ளிகேஷன் போட்டால், கட்டாயம் இன்காக்னிட்டோவில், அதாவது ஹிஸ்டரியைச் சேமிக்காத தனி ஜன்னலில் திறக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் அந்த ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடினால் குக்கீயும் போய்விடும்.