டெமோ பார்க்குமுன் மார்க் ஷீட்டை எழுதிவிடுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன உதிரிபாகக் கம்பெனிக்கு பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் தேடினோம். எடுத்த எடுப்பில் டெமோவுக்கு ஆளை வரச் சொன்னது என் தப்பு. கலர் கலராக டாஷ்போர்டைப் பார்த்ததும் முதலாளி விழுந்துவிட்டார். நமக்கு என்ன வேண்டும் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. டெமோவைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

படி 1: இல்லாவிட்டால் வேண்டாம்

இதற்கு மார்க் கிடையாது. உண்டா, இல்லையா என்பது மட்டும்தான். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்று காட்டும் எடிட் லாக், அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். டர்ன்ஓவர் 5 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸும் (அரசு போர்ட்டலில் பதிவாகும் பில்) போட வர வேண்டும். இதில் தவறியதை அப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

படி 2: இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள்

'எல்லாமே முக்கியம்தான் சார்' என்பார்கள். அதற்குத்தான் கணித அறிஞர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய ஏஎச்பி (அனலிடிக் ஹையரார்கி பிராசஸ்) முறை. இரண்டு அம்சங்களை மட்டும் எடுத்து, எது எத்தனை மடங்கு முக்கியம் என்று கேட்க வேண்டும். 1 என்றால் சமம், 9 என்றால் எட்டவே முடியாத வித்தியாசம்.

எங்கள் பதில்: பழக எளிமையாக இருப்பதைவிட ஸ்டாக் கணக்கு 2 மடங்கு முக்கியம், விலையைவிட எளிமை 2 மடங்கு. அப்படியானால் விலையைவிட ஸ்டாக் 4 மடங்கு வரவேண்டும். 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று இங்கே சொன்னால் பேச்சு முன்னுக்குப் பின் முரண், திரும்பக் கேளுங்கள். ஆக ஸ்டாக், எளிமை, விலை மூன்றுக்கும் எடை, அதாவது முக்கியத்துவம், 4:2:1.

படி 3: பெருக்கிக் கூட்டுங்கள்

பத்துக்கு மார்க், ஸ்டாக், எளிமை, விலை என்ற வரிசையில்: முதல் சாஃப்ட்வேர் 8, 5, 4. இரண்டாவது 5, 8, 9. சும்மா கூட்டினால் 17க்கு 22, இரண்டாவது ஜெயிக்கிறது. எடையோடு பெருக்கினால் 46க்கு 45, முதலாவது. எடை போடுவதில் இவ்வளவு இருக்கிறது.

படி 4: ஆட்டிப் பாருங்கள்

ஒரு மார்க் வித்தியாசத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். எளிமையும் ஸ்டாக்கும் சமம் என்று எடையை 4:4:1 ஆக்கினேன். 56க்கு 61. முடிவே மாறிவிட்டது! அப்போதுதான் புரிந்தது, எங்கள் கேள்வி விலையைப் பற்றியதே இல்லை. ஸ்டோரில் உட்காருகிறவருக்கு எது கைவரும் என்பதுதான் கேள்வி.

படி 5: இப்போது டெமோ

அவர்கள் கொண்டுவரும் மாதிரிக் கணக்கு வேண்டாம். உங்கள் போன மாத பில்களைக் கொடுங்கள். மவுஸை ஸ்டோர்காரர் கையில் கொடுத்துவிட்டு, முதலாளியை டீ குடிக்க வெளியே அனுப்பிவிடுங்கள்.