அச்சு மங்காவா, டிஜிட்டலா: ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ரொம்ப நாளாக ஒரு மங்கா (ஜப்பானியப் படக்கதை) நாயகன் கட்டம் போட்ட கோட்டு போடுகிறவன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தொடரைப் போனில்தான் படித்தேன். கோட்டு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு நெசவு, பார்க்க அழகாகவே இருந்தது. பிறகு அதே தொகுதி புத்தகமாகக் கைக்கு வந்தது. திறந்து பார்த்தால் கோட்டு வெறும் சாம்பல் நிறம். கட்டமும் இல்லை, நெசவும் இல்லை. டிஜிட்டலில் படத்தையே கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று நண்பன் ஒருவனிடம் குமுறினேன். அவன் பதில் சொல்லாமல் தன் டேப்லெட்டில் அதே பக்கத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கினான். நெசவு மறைந்து, சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்தன. கோப்பில் ஒரு குறையும் இல்லை. என் போன் அதைச் சுருக்கிக் காட்டியதில் வந்த வினை.

மங்காவில் பெரும்பாலும் ஒரே மைதான், கறுப்பு. சாம்பல் நிறம் என்று நாம் பார்ப்பது ஸ்க்ரீன்டோன் எனப்படும் புள்ளி வரிசை. புள்ளி பெரிதாக, நெருக்கமாக இருந்தால் அடர் சாம்பல். சிறிதாக, விலகி இருந்தால் வெளிர் சாம்பல். திரையும் வரிசையாக அடுக்கிய பிக்சல்தான். புள்ளிகளின் வரிசையும் பிக்சல்களின் வரிசையும் சரியாகப் பொருந்தாதபோது, யாரும் வரையாத ஒரு மூன்றாவது வடிவம் முளைக்கிறது. இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று போட்டு லேசாக நகர்த்தினால் அலை அலையாக ஓடுமே, அதே சமாச்சாரம். மோரே என்பார்கள்.

ஆகவே ஒரே அளவில் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது முதல் தவறு. அலை தெரிகிற இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளிகள் தெளிவாகப் பிரிந்து வந்தால் கோப்பு நல்ல கோப்பு, உங்கள் திரைதான் சிறிது. பெரிதாக்கிய பிறகும் அலை அப்படியே இருந்தால், கோப்பைத் தயாரிக்கும்போதே படத்தைக் கண்டபடி சுருக்கியிருக்கிறார்கள். இரண்டாவது நிலைமைக்கு வேறு கருவி வாங்கியும் பயன் இல்லை.

அச்சும் இதில் உத்தமன் இல்லை. ஒரே தொகுதியின் வெவ்வேறு அச்சு ஓட்டங்களில் மை கூடுதலாக இறங்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சாம்பல் இருக்க வேண்டிய இடம் கரிப்பூச்சாகிவிடும். மெல்லிய தாளாக இருந்தால் பின்பக்கத்துப் படம் நிழலாகத் தெரியும். ஒரு பிரதியை வைத்து "அச்சு என்றால் அச்சுதான்" என்று சொல்வதும் என் கோட்டுக் கதை மாதிரிதான்.

அளவை மறந்துவிடுவது

பலர் அச்சையும் டிஜிட்டலையும் ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு பெரிய பக்கத்தையும் சின்னப் பக்கத்தையும் ஒப்பிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜப்பானிய வார இதழ்களின் பக்கம் ஏறக்குறைய 18 செ.மீ. அகலம், 26 செ.மீ. உயரம். மங்காவை ஆங்கிலத்தில் வெளியிடும் விஸ் நிறுவனத்தின் ஷோனென் ஜம்ப் வரிசைத் தொகுதிகள் 12.7-க்கு 19 செ.மீ. அந்தப் பக்கத்தை ஆறரை அங்குலப் போனில் நேராகப் பிடித்துப் பார்த்தால், படத்துக்குக் கிடைக்கும் இடம் 7-க்குப் பத்தரை செ.மீ. மட்டும்தான். பரப்பளவில் புத்தகப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 7 அங்குல இ-இங்க் (காகிதம்போல் காட்டும் மின்மைத் திரை) கருவியில் பாதிக்குச் சற்று மேல் வரும். புத்தகப் பக்கத்தின் அளவை எட்ட 10 அங்குலத் திரையாவது வேண்டும்.

இதைக் கவனிக்காமல் "டிஜிட்டலில் எழுத்து பொடிசாக இருக்கிறது, வசனம் படிக்க முடியவில்லை" என்று சொல்பவர், திரையின் அளவைத்தான் குறை சொல்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. அமெரிக்கப் பதிப்பகம் டார்க் ஹார்ஸ் 2019 முதல் வெளியிட்டுவரும் 'பெர்சர்க்' தொடரின் டீலக்ஸ் பதிப்பில் ஒவ்வொரு புத்தகமும் மூன்று தொகுதி அடங்கியது. பக்கம் கிட்டத்தட்ட 18-க்கு 25 செ.மீ., கெட்டி அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு டேப்லெட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவதில் நியாயம் இல்லை. அதே தொடரின் சாதாரண அளவு அச்சுத் தொகுதிகூட அந்த டீலக்ஸ் முன்னால் நோஞ்சானாகத்தான் தெரியும்.

எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் பேசுவது

என் கணிப்பில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். காகிதத்துக்கும் திரைக்கும் உள்ள வித்தியாசம் என்று சொல்லப்படுவதில் பாதி, உண்மையில் வார அத்தியாயத்துக்கும் தொகுதிக்கும் உள்ள வித்தியாசம்.

மங்கா முதலில் இதழில் அத்தியாயமாக வரும். சில மாதங்கள் கழித்து அத்தியாயங்களைச் சேர்த்துத் தொகுதியாகப் போடுவார்கள். ஜப்பானியப் பதிப்பகம் ஷூயேஷா 2019 ஜனவரியில் தொடங்கிய மங்கா பிளஸ் மாதிரியான செயலிகளில் நாம் சுடச்சுடப் படிப்பது அந்த முதல் வடிவம். கெடு நெருக்கடியில் வரைந்தது, அவசரத்தில் மொழிபெயர்த்தது. தொகுதிக்குப் போகும்போது ஆசிரியர் முகத்தைத் திருத்துவார், பின்னணியைச் சேர்ப்பார், வசனத்தை மாற்றுவார். 'ஹன்டர் ஹன்டர்' இதற்குப் பேர்போனது. அதன் ஆசிரியர் தொகாஷியின் சில அத்தியாயங்கள் இதழில் கிறுக்கல் நிலையிலேயே வந்து, தொகுதியில்தான் முழு ஓவியமாயின. 'அட்டாக் ஆன் டைட்டன்' கடைசி அத்தியாயம் 2021 ஏப்ரலில் இதழில் வந்தது. ஜூனில் 34-ஆம் தொகுதி வந்தபோது முடிவில் கூடுதல் பக்கங்கள் இருந்தன. செயலியில் படித்தவரும் புத்தகத்தில் படித்தவரும் அந்த முடிவைப் பற்றிச் சண்டை போட்டால், இருவரும் ஒரே முடிவைப் பற்றிப் பேசுகிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வண்ணப் பக்கங்களிலும் இதே குழப்பம்தான். அத்தியாயத்தின் தொடக்கத்தில் இரண்டு மூன்று பக்கம் வண்ணத்தில் வரும். இதழில் இருக்கும், செயலியிலும் பெரும்பாலும் இருக்கும். சாதாரணத் தொகுதியில் அதையே கறுப்பு வெள்ளையாக்கி அச்சிடுவார்கள். வண்ணத்துக்கு மேல் சாம்பல் பூசிய மாதிரி மங்கலாக இருக்கும். தொகுதியின் நடுவே திடீரென்று கலங்கலாக ஒரு பக்கம் வந்தால், பெரும்பாலும் அது முன்பு வண்ணத்தில் இருந்த பக்கம்தான். "அச்சில் ஏமாற்றுகிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம். அந்தத் தொகுதியை டிஜிட்டலாக வாங்கினாலும் பல நேரம் அதே சாம்பல் பக்கம்தான் வரும். அப்புறம், 'ஒன் பீஸ்' தொடருக்கு ஜப்பானில் முழு வண்ண டிஜிட்டல் பதிப்பு ஒன்று உண்டு. பின்னாளில் வண்ணம் ஏற்றித் தயாரித்தது. அதில் நாலு படத்தைப் பார்த்துவிட்டு, புத்தகத்தில் வண்ணம் இல்லையே என்று கேட்பவர்களை இன்னமும் பார்க்கிறேன்.

மறுபக்கம், அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பவர் தவறவிடுவதும் நிறைய. 'ஒன் பீஸ்' தொகுதிகளில் எஸ்பிஎஸ் என்றொரு கேள்வி பதில் பகுதி வரும். ஆசிரியர் ஓடா வாசகர்களோடு அடிக்கும் அரட்டை அது. கதாபாத்திரங்களின் வயது, உயரம், பிறந்தநாள் என்று பாதித் தகவல் அதில்தான் கிடைக்கும். வாரா வாரம் செயலியில் படித்தால் அது கண்ணில் படாது. ஜப்பானியத் தொகுதிகளின் மேலுறையைக் கழற்றினால் உள்ளே அட்டையில் வேறு படம் இருப்பதும் வழக்கம். 'ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்' புத்தகங்களில் ஆசிரியர் அரகாவா அங்கே ஒளித்து வைத்த நகைச்சுவைப் படங்களுக்கென்றே ரசிகர்கள் இருந்தார்கள். டிஜிட்டலில் கழற்ற உறை இல்லையே. சில பதிப்புகள் அந்தப் படத்தைக் கடைசியில் சேர்க்கின்றன, பல சேர்ப்பதில்லை.

மொழிபெயர்ப்புக் குறையை ஊடகத்தின் தலையில் கட்டுவதும் சகஜம். விஸ்ஸின் ஆங்கிலத்தில் 'ஒன் பீஸ்' கதாபாத்திரம் ஜோரோ 'ஜோலோ' ஆனது புத்தகத்திலும் உண்டு, அதே நிறுவனத்தின் டிஜிட்டல் தொகுதியிலும் உண்டு. அது பதிப்பகத்தின் முடிவு. பழைய ஆங்கில அச்சுப் பதிப்புகள் சிலவற்றில் பக்கத்தையே கண்ணாடிபோல் இடவலமாகத் திருப்பி அச்சிட்டார்கள். வலக்கை வாள்வீரன் எல்லாம் இடக்கைக்காரன் ஆனான். அப்படி ஒரு பிரதியை வைத்துக்கொண்டு இன்றைய டிஜிட்டலோடு ஒப்பிட்டால் முடிவு எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை.

திருட்டு ஸ்கேனைப் படித்துவிட்டு "டிஜிட்டல் தரம் மோசம்" என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: அது பதிப்பே இல்லை.

இரட்டைப் பக்கங்கள்

எதிரெதிரே இருக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே படமாக வரைவது மங்காவின் பெரிய ஆயுதம். இங்கே புத்தகம் தானாக ஜெயிக்கும் என்று நினைப்போம். ஜெயிப்பதில்லை. பசை போட்டு ஒட்டிய தடித்த தொகுதியில் நடு மடிப்பு படத்தின் மையத்தை விழுங்கிவிடும். மூன்று தொகுதியை ஒன்றாகச் சேர்த்த தடிப் புத்தகங்களில் இன்னும் மோசம்; முகம் மடிப்புக்குள் போய்விட்டால் முதுகு உடையும் அளவுக்குப் பிரித்தால்தான் மூக்கு தெரியும். நல்ல டிஜிட்டல் பதிப்பில் அதே படம் தையல் தெரியாமல் ஒரே துண்டாக வரும்.

ஆனால் போனை நேராகப் பிடித்தால் அந்தப் படம் இரண்டாக அறுபடும், முதலில் வலப்பாதி, பிறகு இடப்பாதி. படுக்கைவாட்டில் திருப்பினால் சேரும், கூடவே சுருங்கும். டேப்லெட்டில் இரண்டு பக்கக் காட்சியில் வேறொரு தொல்லை. முன்னட்டையை ஒரு பக்கமாகக் கணக்கில் எடுத்துச் செயலி ஜோடி சேர்க்கும்போது ஒரு பக்கம் தள்ளிப்போனால், எல்லா ஜோடியும் தப்பாகும்: ஒரு படத்தின் வலப்பாதிக்குப் பக்கத்தில் அதற்கு முந்தைய பக்கம் உட்கார்ந்திருக்கும். பதிப்பைத் திட்டும் முன் அமைப்புகளில் ஒரு பக்கம் தள்ளிக் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. வலமிருந்து இடமாகப் படிக்கும் புத்தகத்தில், இடப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஆசிரியர் ஒரு கொக்கி போடுவார். கதவு மெல்லத் திறக்கும், அல்லது யாரோ திரும்பிப் பார்ப்பார்கள். தாளைப் புரட்டினால்தான் கதவுக்குப் பின்னால் யார் என்று தெரியும். அந்தப் புரட்டலுக்கென்றே பக்கங்களைத் திட்டமிடுகிறார்கள். போனில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக வருவதால் எல்லாமே புரட்டல்தான். எது கொக்கி, எது சாதாரணம் என்ற வேறுபாடு மழுங்கிவிடும். கட்டம் கட்டமாகக் காட்டும் வசதியில் பக்கம் என்ற ஒன்றே காணாமல் போகிறது. ஒரு திகில் தொடரைப் போனில் படித்துவிட்டு "பயமே இல்லை" என்று ஒருவர் சொன்னால், நான் கதையைச் சந்தேகிக்க மாட்டேன்.

அமைப்புகளைத் தொடாமலே தீர்ப்பு

இருட்டு முறையை வைத்துக்கொண்டு மங்கா படிப்பவர்கள் உண்டு. சில செயலிகளில் பின்புலம் மட்டும் கறுப்பாகும், பரவாயில்லை. சிலவற்றில் படமே நெகட்டிவ் ஆகிவிடும்: கருங்கூந்தல் நரைக்கும், பகல் இரவாகும், ஆசிரியர் வைத்த ஒளி நிழல் எல்லாம் தலைகீழ். வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துவிட்டு வெள்ளைப் பக்கம் கண்ணைக் குத்துகிறது என்று சொல்வதும் இதே வகை. புத்தகத்தின் தாள் பழுப்பேறிய வெள்ளை. திரையையும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு ஒப்பிட்டால்தான் சரி.

இ-இங்க் கருவிக்கு மங்கா நன்றாகவே பொருந்தும். கறுப்பு வெள்ளைப் படம், அங்குலத்துக்கு 300 பிக்சல், வெளிச்சம் கண்ணில் அடிக்காது. பக்கம் மெதுவாகத்தான் மாறும், முந்தைய பக்கத்தின் சாயல் லேசாகத் தங்கும். சண்டைக் காட்சியைச் சரசரவென்று புரட்டிப் போகிறவருக்கு எரிச்சல் வரும்.

"வாங்கிவிட்டேன்" என்ற சொல்

விலையை ஒப்பிடும்போது மாதச் சந்தாவை ஒரு தொகுதியின் விலையோடு வைத்துப் பார்க்கிறோம். சந்தா வாடகை, நிறுத்தினால் அலமாரி காலி. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு தொகுதியாகக் காசு கொடுத்து டிஜிட்டலில் 'வாங்கியதும்' பல கடைகளில் படிக்கும் உரிமம் மட்டும்தான். ஜேமங்கா என்ற தளம் 2013 மே மாதம் மூடப்பட்டபோது, அங்கே காசு கொடுத்து எடுத்த மங்காக்களையும் வாசகர்கள் அதற்குமேல் படிக்க முடியவில்லை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், விற்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லை டிஜிட்டல் கடைகள் போடக் கூடாது என்கிறது.

அதற்காக அச்சு நிரந்தரம் என்றும் இல்லை. டோக்யோபாப் என்ற பதிப்பகம் 2011-இல் அமெரிக்கப் பதிப்பு வேலையை நிறுத்தியபோது பாதியில் நின்ற தொடர்கள் ஏராளம். நடுவில் ஒரு தொகுதி மறுஅச்சு இல்லாமல் போனால், அந்த ஒன்றுக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். மலிவுத் தாள் பழுக்கும். 100 தொகுதியைத் தாண்டிய தொடர் என்றால் ஒன்றரை மீட்டருக்கு மேல் அலமாரி கேட்கும். ஆனாலும் படித்து முடித்த புத்தகத்தை நண்பனுக்குக் கொடுக்கலாம், விற்கலாம். அவன் திருப்பித் தருவானா என்பது வேறு விஷயம்.

கடைசியாக மாதிரிப் பக்கம். டிஜிட்டல் கடையின் இலவச மாதிரியில் முதலில் வருவது அட்டை, தலைப்பு, பொருளடக்கம். அதைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யக் கூடாது. அட்டை எல்லாப் பதிப்பிலும் பளிச்சென்றுதான் இருக்கும். இன்னும் பத்துப் பக்கம் தள்ளிப் போய், சாம்பல் நிறத் துணி, பொடி எழுத்தில் முணுமுணுப்பு, முடிந்தால் ஓர் இரட்டைப் பக்கம், இவை வரும் இடத்தைப் பிடியுங்கள். புத்தகத்திலும் அதே பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வையுங்கள். வழக்கமாக நீங்கள் படிக்கிற தூரத்தில், வழக்கமான வெளிச்சத்தில், பெரிதாக்காமல் ஒரு முறை, பெரிதாக்கி ஒரு முறை. எனக்கு அந்தக் கோட்டுக்காரனின் தொடரில் இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆனது. அதைப் புத்தகமாக வைத்துக்கொண்டேன். வாரா வாரம் வருகிறதைப் போனில் படிக்கிறேன், அவன் கோட்டில் கட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டே.