'வாங்கு' பட்டனை அழுத்துமுன்: டிஜிட்டல் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துபாயிலிருந்து லீவில் கீழக்கரைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுத் தம்பி போனில் சினிமா ஆப்பைக் காட்டினான். "காக்கா (அண்ணா), இருபது படம் காசு குடுத்து வாங்கியிருக்கேன். எல்லாம் நம்ம சொந்தம்." எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அப்புறம் பட்டுத் தெரிந்துகொண்ட தவறுகள் இவை. பாஸ்வேர்டை மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அதெல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

கணக்கின் நாட்டை மாற்றுவது

துபாய்க் கணக்கில் 32 படங்கள் வாங்கி வைத்திருந்தேன். ஊருக்கு வந்ததும் இங்குள்ள வங்கி அட்டையைச் சேர்ப்பதற்காகக் கணக்கை இந்தியாவுக்கு மாற்றினேன். அன்றிரவு வாப்பா பாய் விரித்து, தலையணையைச் சுவரில் சாய்த்து, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். திறந்தால் 11 படங்கள்தான் இருந்தன. "காசு குடுத்துத்தானே வாங்குன?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. படம் விற்ற ஆன்லைன் கடைக்காரர்களிடம் கேட்டால், மீதிப் படங்களுக்கு இந்தியாவில் உரிமம் இல்லை என்றார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

படத்தின் உரிமை நாடு நாடாகப் பிரித்து விற்கப்படுகிறது. நாம் பணம் கட்டிப் பெறுவது பார்ப்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். டிவிடி போல மச்சானுக்கு இரவல் கொடுக்கவோ, விற்கவோ முடியாது. புத்தகத்திலும் இதே கதைதான். 2009இல் ஆர்வெல்லின் '1984' நாவலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் என்ற மின்புத்தகக் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணம் திரும்பி வந்தது, புத்தகம் போய்விட்டது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட்டு விற்கக் கூடாது எனச் சட்டமே இருக்கிறது. இங்கே நாம்தான் விதிமுறையைத் திறந்து படிக்க வேண்டும்.

சபுராளிகளே (வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களே), ஊர் திரும்பும்போது பழைய கணக்கின் நாட்டைத் தொடாதீர்கள். இந்தியாவுக்கென வேறு மெயிலில் புதுக் கணக்கு திறந்துகொள்ளுங்கள்.

அந்த ஊர் சிம்மை மூடுவது

ஓடிபி அதற்குத்தான் வரும். முதலில் கணக்கில் உள்ள போன் எண்ணை மாற்றுங்கள்.

டவுன்லோட் ஆகிவிட்டது என்று நம்புவது

ஆப்புக்குள் இறங்கும் படம் பூட்டோடுதான் இறங்குகிறது. வேறு போனுக்கு நகல் எடுத்தால் ஓடாது.

டிவிடி பிளேயரை ஜன்னலோரம் வைப்பது

நம் கரையில் உப்புக்காற்று பிளேயரின் இணைப்புகளை அரித்துவிடும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடுங்கள். அன்று வாப்பா கேட்ட படத்தை அப்புறம் டிவிடியாகவே வாங்கினேன். எவர்சில்வர் சம்படத்தில், செருப்பு டப்பாவில் வந்த சிலிக்கா பொட்டலத்தோடு அலமாரியில் இருக்கிறது. தோன்றும்போதெல்லாம் அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.