எலும்பு அறுவைக்குப் பின் விமானியின் மருத்துவச் சான்றிதழ்

வளைந்த கால் எலும்பை நேராக்கவோ முதுகுத்தண்டின் வளைவைச் சரிசெய்யவோ அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் விமானி, சான்றிதழில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியை நம்பி இருந்துவிடக் கூடாது. பாதுகாப்பாகப் பறக்க முடியாத அளவுக்கு உடல்தகுதி குறைந்திருப்பதை அறிந்தவர், கையில் செல்லுபடியாகும் சான்றிதழ் இருந்தாலும் உரிமத்தைப் பயன்படுத்தக் கூடாது என்பதே சர்வதேச விதி. ஐரோப்பிய விதிகளோ எந்த அறுவைக்குப் பிறகும் தாமதமின்றி விமான மருத்துவரை, அதாவது விமானிகளின் உடல்தகுதியைச் சோதிக்கும் மருத்துவரை, அணுகச் சொல்கின்றன. அறுவைக்கு நாள் குறிக்கும்போதே அவரிடம் தெரிவித்து, பின்னால் என்னென்ன ஆவணங்கள் தேவைப்படும் என்று கேட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே ஆகியவற்றை மருத்துவமனையை விட்டு வரும்போதே வாங்கிவிடுங்கள். ‘நன்றாகக் குணமாகிவிட்டார்’ என்ற ஒற்றை வரிக் கடிதம், அது எவ்வளவு பெரிய நிபுணரின் கையெழுத்தானாலும், அதிகம் உதவாது. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைவலிமை எவ்வளவு, வலி உண்டா, என்ன மருந்து தொடர்கிறது, எலும்பு கூடிவிட்டதா என்பவை அதில் இருக்க வேண்டும்.

எலும்பு கூடினால் மட்டும் போதாது. விமானி அறையில் அந்தக் கால் என்ன செய்யும் என்பதே விமான மருத்துவரின் கேள்வி. இரட்டை எஞ்சின் விமானம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றால், ஓடுகிற எஞ்சின் பக்கத்துக் காலால் ரட்டர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் கால்மிதியை) அழுத்தி, நடுங்காமல் பிடித்திருக்க வேண்டும். பிரேக்குக்கோ பெடலின் மேற்பகுதியை முன்பாதத்தால் அழுத்த வேண்டும். நடைக்குத் தடையில்லாத கணுக்கால்கூட இதில் தடுமாறலாம். எனவே இவ்விரு அசைவுகளையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லி, பயிற்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள். சந்தேகம் எஞ்சினால், விமானத்திலோ சிமுலேட்டரிலோ செய்துகாட்டச் சொல்லலாம்.

மருந்துகளில் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளே பெரிய தடை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பொது வழிகாட்டுதல், கடைசி வேளைக்குப் பின் மருந்து இடைவெளியைப் போல் ஐந்து மடங்கு நேரம் காத்திருக்கச் சொல்கிறது. 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்கும் மாத்திரை என்றால் 30 மணி நேரம். ஆனால் அந்த மாத்திரை இல்லாமல் தாங்க முடியாத வலியிருந்தால், அந்த வலியே பறக்கத் தடைதான். இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தொடர்ந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உள்ளே பொருத்திய தகடும் திருகும் மட்டுமே பொதுவாகத் தகுதியைப் பறிப்பதில்லை. பிற்பாடு அவற்றை எடுக்க நேர்ந்தால், அதுவும் ஒரு அறுவைதான்; விமான மருத்துவரிடம் மறுபடியும் தெரிவித்தாக வேண்டும்.