மீன் தொட்டிக்கு நாமே செய்யும் கன்ட்ரோலர்: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் அன்றாட வேலையில் பாதி, சுவிட்ச் போடுவதும் அணைப்பதும்தான். காலையில் விளக்கைப் போட வேண்டும், இரவில் அணைக்க வேண்டும். தீனி போடும்போது ஃபில்டரை நிறுத்த வேண்டும், அப்புறம் மறக்காமல் திரும்பப் போட வேண்டும். குளிர் அதிகமானால் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். இத்தனையையும் ஆர்டுயினோ என்ற, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்ன மின்சுற்றுப் போர்டிடம் ஒப்படைத்துவிடலாம். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்களும் நிதானமாகச் செய்தால் செய்து முடிக்கக்கூடிய வேலைதான்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தக் கருவி என்றாவது ஒருநாள் நிற்கும். சென்சார் கெடும், வயர் கழலும், நிரல் உறையும். அப்படி நின்றால் மீனுக்கு என்ன ஆகும் என்று பார்த்துத்தான் ஒவ்வொரு வயரையும் எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யப்போகிறோம். வசதிகளைப் பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம்.

என்னென்ன வேண்டும்

ஆர்டுயினோ ஊனோ போர்டு, நீர் புகாத டிஎஸ்18பி20 வெப்ப சென்சார், 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், டிஎஸ்3231 கடிகார மாட்யூல், ஐ2சி (இரண்டே வயரில் பல கருவிகள் தகவல் பரிமாறும் முறை) இணைப்புள்ள 16×2 எல்சிடி திரை, நான்கு ரிலே (போர்டின் ஆணைக்கு மாறும் மின் சுவிட்ச்) உள்ள 5 வோல்ட் மாட்யூல், ஒரு புஷ் பட்டன், ஒரு பஸ்ஸர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயர்களைச் செருகி இணைக்கும் பலகை), ஜம்பர் வயர்கள். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

மின்சப்ளையில் சிக்கனம் வேண்டாம். ஒரு ரிலே காயில் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் இழுத்தால் 300-ஐ நெருங்கும். ஆர்டுயினோவின் ரெகுலேட்டரிலிருந்து இதை எடுத்தால் அது சூடாகி, போர்டு திடீர் திடீரென்று ரீசெட் ஆகும். எனவே 5 வோல்ட், 2 ஆம்பியர் தரும் நல்ல சார்ஜர் ஒன்றிலிருந்து ரிலே மாட்யூலுக்கும் ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னுக்கும் தனித்தனி வயர் கொடுங்கள். கிரவுண்ட் எல்லாவற்றுக்கும் பொது. நிரல் ஏற்ற யூஎஸ்பி கேபிளை மாட்டும்போது மட்டும், 5 வோல்ட் பின்னுக்கு வரும் வயரைக் கழற்றிவிடுங்கள்.

படி 1: வெப்பத்தை அளப்பது

சென்சாரில் பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும். சிவப்பு 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் 2-ஆம் பின்னுக்கு. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டரை விட்டுவிட்டு, சென்சார் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. சில தயாரிப்புகளில் வயர் நிறம் மாறி வரும், கூட வரும் குறிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்டுயினோ மென்பொருளில் ஒன்வயர், டல்லஸ் டெம்பரேச்சர் என்ற இரண்டு லைப்ரரிகளை நிறுவி, கூடவே வரும் எளிய எடுத்துக்காட்டு நிரலை ஓட்டுங்கள். சீரியல் மானிட்டரில் எண் வரத் தொடங்கும். சென்சாரைக் கையால் பிடித்தால் எண் ஏற வேண்டும்.

இந்த சென்சார் நம் தொட்டியின் வெப்ப வரம்பில் 0.5 டிகிரி கூடவோ குறையவோ காட்டலாம். ஐஸை நொறுக்கி ஒரு டம்ளரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை நடுவில் விட்டு இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். 0 வர வேண்டும். 0.4 காட்டினால் நிரலில் எப்போதும் 0.4-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

படி 2: கடிகாரமும் திரையும்

இரண்டுமே ஐ2சி முறையில் பேசுபவை. அதனால் இரண்டின் எஸ்டிஏ வயரும் ஏ4 பின்னுக்கு, எஸ்சிஎல் வயரும் ஏ5 பின்னுக்கு. திரையில் விளக்கு எரிந்து எழுத்து வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பின்புறம் உள்ள சின்ன நீலத் திருகைத் திருப்பிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் முகவரி வேறு. இந்தத் திரைகள் பெரும்பாலும் 0எக்ஸ்27 அல்லது 0எக்ஸ்3எஃப் என்ற முகவரியில் இருக்கும்.

கடிகார மாட்யூலில் பட்டன் பேட்டரி இருப்பதால் கரன்ட் போனாலும் நேரம் தவறாது. வருடத்துக்கு ஒரு நிமிடம் அளவுக்குத்தான் பிசகும். முதல்முறை நேரம் வைக்கும் வரி நிரலில் இருக்கும். நேரம் சரியானதும் அந்த வரியை நீக்கிவிட்டு நிரலை மறுபடி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை ரீசெட் ஆகும்போதும் கடிகாரம் நீங்கள் நிரலைத் தொகுத்த நேரத்துக்கே திரும்பிப் போகும். இன்னொன்று: மலிவான மாட்யூல்கள் சிலவற்றில் பேட்டரியை சார்ஜ் செய்யும் சுற்று இருக்கும். அதில் சாதாரண சிஆர்2032 பேட்டரி போடக்கூடாது, சார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032 வகைதான் போட வேண்டும்.

படி 3: எதை எந்த ரிலேயில், எந்த முனையில்

இந்தப் படியில்தான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு ரிலேயிலும் மூன்று திருகு முனைகள் இருக்கும்: நடுவில் காமன், ஒரு பக்கம் என்ஓ, மறுபக்கம் என்சி. ரிலேக்கு ஆணை போகாதபோது காமனும் என்சியும் சேர்ந்திருக்கும், என்ஓ பிரிந்திருக்கும். ஆணை போனால் தலைகீழ்.

ஹீட்டரை என்ஓவில் மாட்டுங்கள். ஆர்டுயினோ செத்தால் ஹீட்டர் அணைந்துவிடும். தண்ணீர் மெதுவாக அறை வெப்பத்துக்கு இறங்கும், கவனித்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். மாறாக ஹீட்டர் அணையாமலே எரிந்தால் நேரமே கிடைக்காது.

ஃபில்டரை என்சியில் மாட்டுங்கள். கன்ட்ரோலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபில்டர் ஓடும். நாம் நிறுத்தச் சொன்னால் மட்டும் நிற்கும். ஃபில்டர் நின்றால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், அதோடு ஃபில்டருக்குள் வாழும் நல்ல பாக்டீரியாக்களும் மூச்சுமுட்டிச் சாகும். என்னைக் கேட்டால் இந்தக் கருவியிலேயே முக்கியமான வயர் இதுதான்.

விளக்கும், வேண்டுமானால் குளிர்விக்கும் சின்ன விசிறியும் என்ஓவில். நீர்ப்பரப்பின் மேல் ஓடும் விசிறி தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது. அதனால் நீர்மட்டம் வழக்கத்தைவிட வேகமாகக் குறையும், அதை ஈடுசெய்ய வேண்டும்.

அப்புறம், ரிலேயின் உள்முனைகள் சில சமயம் ஒட்டிக்கொண்டு விடும். அப்படி ஆனால் நிரல் எவ்வளவு அணைக்கச் சொன்னாலும் ஹீட்டர் அணையாது. இதற்கு மருந்து, ஹீட்டரிலேயே உள்ள தெர்மோஸ்டாட். நமக்கு 26 டிகிரி வேண்டுமென்றால் அந்தக் குமிழை 27 அல்லது 28-இல் வையுங்கள். நம் கருவி தவறினாலும் அது பிடித்துக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டே இல்லாத ஹீட்டரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள்.

ஆர்டுயினோ பக்கம் 4, 5, 6, 7 பின்களை ஹீட்டர், ஃபில்டர், விளக்கு, விசிறி என்ற வரிசையில் ரிலேக்களுக்குக் கொடுங்கள். 8-இல் பட்டன், அதன் மறுமுனை கிரவுண்டுக்கு. 9-இல் பஸ்ஸர். இப்போதைக்கு ரிலேயின் திருகு முனைகளில் எதுவும் வேண்டாம். மாட்யூலில் உள்ள சின்ன விளக்குகள் எரிவதும் 'டிக்' சத்தமும் போதும்.

படி 4: நிரல்

இந்த ரிலே மாட்யூல்களில் பெரும்பாலானவை பின் 'லோ' ஆனால் ஆன் ஆகும். ஒரு பின்னை வெளியீடு என்று அறிவித்த கணத்தில் அது 'லோ'வில் இருக்கும் என்பதால், போர்டு தொடங்கும்போது நான்கு ரிலேயும் ஒரு கணம் 'டிக்' என்று அடித்துவிடும். முதலில் பின்னுக்கு 'ஹை' எழுதிவிட்டு, பிறகு வெளியீடு என்று அறிவியுங்கள். வரிசையை மாற்றினாலே போதும்.

ஹீட்டருக்கான தர்க்கம் இது:

வெப்பம் 10-க்குக் கீழே, அல்லது 40-க்கு மேலே → ஹீட்டர் ஆஃப், பஸ்ஸர் ஆன்
வெப்பம் 25.7-க்குக் கீழே → ஹீட்டர் ஆன்
வெப்பம் 26.3-க்கு மேலே → ஹீட்டர் ஆஃப்
இரண்டுக்கும் இடையே → இருந்த நிலையிலேயே விடு

முதல் வரி ஏன் என்று கேட்கலாம். டிஎஸ்18பி20 கழன்றுவிட்டால் லைப்ரரி மைனஸ் 127 என்ற எண்ணைத் தரும். முதல் வரி இல்லாத நிரல், தண்ணீர் உறைந்துவிட்டது என்று நம்பி ஹீட்டரை விடாமல் எரிக்கும். ஒரு வயர் கழன்றதற்கு மீன் வெந்துபோக வேண்டுமா? மின்சாரம் வந்தவுடன் அளப்பதற்கு முன்பே படித்தால் 85 என்றும் வரும். அதையும் இந்த வரியே பிடித்துவிடும்.

கடைசி வரியில் உள்ள இடைவெளியும் தேவை. சரியாக 26-இல் போட்டு அணைக்கச் சொன்னால் வெப்பம் 25.9, 26.0 என்று ஆடும்போதெல்லாம் ரிலே படபடக்கும், சீக்கிரம் தேயும். 26 என்பது இங்கே ஓர் எடுத்துக்காட்டுதான். தங்கமீனுக்கு இவ்வளவு வெப்பம் வேண்டாம், டிஸ்கஸுக்கு இது போதாது. உங்கள் மீனுக்கு ஏற்றபடி எண்களை மாற்றுங்கள்.

விளக்குக்கு, 'மணி 10 ஆனதும் போடு' என்று எழுதாதீர்கள். சரியாக அந்த நிமிடத்தில் கரன்ட் இல்லாவிட்டால் அன்று முழுக்க விளக்கு எரியாது. 'மணி 10 முதல் 18-க்குள் இருந்தால் ஆன், இல்லாவிட்டால் ஆஃப்' என்று ஒவ்வொரு சுற்றிலும் சரிபார்க்கச் சொல்லுங்கள். எட்டு மணி நேரம் பெரும்பாலான தொட்டிகளுக்குப் போதும். அதிகமானால் பாசிதான் வளரும்.

தீனிப் பட்டனை அழுத்தினால் ஃபில்டர் 10 நிமிடம் நின்று தானாகத் திரும்ப வேண்டும். இதற்கு 'டிலே' கட்டளையைப் பயன்படுத்தினால் அந்த 10 நிமிடமும் ஆர்டுயினோ வேறு எதையும் பார்க்காது, வெப்பத்தையும் சேர்த்துத்தான். அதனால் பட்டன் அழுத்திய நேரத்தை 'மில்லிஸ்' (போர்டு தொடங்கியதிலிருந்து ஆன மில்லிநொடிகளைச் சொல்லும் கட்டளை) கொண்டு குறித்து வைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து 600000 மில்லிநொடி ஆகிவிட்டதா என்று பாருங்கள். 10 × 60 × 1000 என்று எழுதாதீர்கள். ஊனோவில் சாதாரண முழு எண் 32767 வரைதான் கொள்ளும், கணக்கு குளறிவிடும். 600000 என்று நேரடியாக எழுதி, பின்னால் 'யூஎல்' சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக வாட்ச்டாக். நிரல் எங்காவது மாட்டிக்கொண்டால் போர்டை ரீசெட் செய்யும் டைமர் அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை 8 நொடிக்கு வைத்து, முதன்மைச் சுற்றின் முடிவில் ஒவ்வொரு முறையும் புதுப்பியுங்கள். பழைய பூட்லோடர் (போர்டு எழும்போது முதலில் ஓடும் சின்ன நிரல்) உள்ள நானோ என்ற சிறிய ஆர்டுயினோ போர்டுகள் சில, வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பின் எழுந்திருக்காமல் ரீசெட்டிலேயே சுழலும். ஊனோவைக் கேட்டது இதனால்தான்.

படி 5: மேசையிலேயே சோதனை

தொட்டிக்குப் போகும் முன் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சென்சாரைக் குளிர்ந்த நீரில் விட்டால் ஹீட்டர் ரிலே ஆன் ஆக வேண்டும், வெதுவெதுப்பான நீரில் ஆஃப் ஆக வேண்டும். ஹீட்டர் ரிலே ஆனில் இருக்கும்போதே மஞ்சள் வயரைப் பிடுங்குங்கள். ரிலே விழுந்து பஸ்ஸர் கத்த வேண்டும். ஃபில்டர் நின்றிருக்கும்போது மின்சாரத்தைத் துண்டியுங்கள், மல்டிமீட்டரில் காமனும் என்சியும் சேர்ந்திருப்பது தெரிய வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 6: வீட்டு மின்சாரம்

இதில் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களே செய்வதானால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரிலே வழியாகப் போக வேண்டியது ஃபேஸ் வயர் மட்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராக சாக்கெட்டுக்குப் போகட்டும். ரிலே மேல் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அந்த வரம்பை நெருங்க வேண்டாம். 100 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட எடுக்காது, கவலையில்லை.

எல்லாவற்றையும் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, 5 வோல்ட் வயர்களையும் வீட்டு மின்சார வயர்களையும் தனித்தனிப் பக்கமாக ஒதுக்குங்கள். பெட்டி தொட்டிக்கு மேலேயோ நேர் கீழேயோ இருக்கக்கூடாது. தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி, அப்புறம் மேலேறிப் பிளக்குக்குப் போகட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இந்த இணைப்புக்கு 30 மில்லிஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம்.

படி 7: தொட்டியில்

சென்சாரை ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், நீரோட்டம் உள்ள எதிர்ப்பக்கம் வையுங்கள். உலோகக் குழாய்க்குள் வயர் நுழையும் இடம் நீர்மட்டத்துக்கு மேல் இருந்தால் நெடுநாள் உழைக்கும். கடல்நீர்த் தொட்டியில் மலிவான குழாய்கள் துருப்பிடிக்கும், அங்கே எப்பாக்ஸி பூச்சு தேவைப்படும். முதல் வாரம் கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றும் தொட்டியிலேயே இருக்கட்டும், இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் மாற்றும்போது மட்டும் எந்தப் பட்டனையும் நம்பாமல் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சூடான ஹீட்டர் நீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடும். அணைத்த பிறகு 15 நிமிடம் ஆறவிட்டு நீரை இறக்குங்கள்.

இது ஓடத் தொடங்கியதும் அடுத்து பிஹெச் சென்சார் மாட்டும் ஆசை எல்லாருக்கும் வரும். மாட்டலாம். ஆனால் அந்தப் புரோபின் முனை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், பிஹெச் 4, 7 கரைசல்களை வைத்து அவ்வப்போது சரிபார்க்க வேண்டும், கொஞ்ச காலத்தில் தேய்ந்தும் போகும். எனவே அதைத் திரையில் எண் காட்ட மட்டும் பயன்படுத்துங்கள். அந்த எண்ணை நம்பி எந்த பம்பையும் வால்வையும் திறக்கச் சொல்லாதீர்கள்.